நாற்பத்தொரு விழுக்காடு

நூலகத்தின் பின்னறையில் உதவியாளர் டிக்சன் அண்ணன் கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். என் ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் சின்னச் சின்னக் கட்டங்களாக அதில் வரிசையாக நின்றன. பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் சிவப்பு. மேலே கொட்டையாக ஓர் எண், 41.

அடுத்தவர் எழுத்தை எடுத்து எழுதியிருக்கிறோமா என்று பார்க்கும் மென்பொருள் அது. அது தரும் தாளை எங்கள் வகுப்பில் திருட்டுச் சான்று என்போம். பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் கல்லூரி ஆய்வேட்டை ஏற்காது. அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளி மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. தவறவிட்டால் அடுத்த அணியோடுதான் எம்.ஏ. பட்டம். நடுவில் முழுசாக ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். பட்டம் வாங்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். பட்டம் கிடைக்காத ஒரு வருடத்துக்கு அவர் எந்த ஒப்புதலும் தந்திருக்கவில்லை.

சிவப்பாக இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாமே பாட்டுகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் யாரோ எழுதிய நெய்தல் பாட்டுகள், நான் மேற்கோளாக எடுத்து வைத்தவை. நான் எழுதிய வாக்கியம் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. அந்தப் பாட்டுகள் இணையத்தில் நூறு இடத்தில் கிடக்கின்றன. அதே சொற்கள் அதே வரிசையில் என்னிடமும் இருப்பதால் நான் எடுத்துவிட்டேன் என்கிறது மென்பொருள். எடுத்தேன்தான். எடுக்காமல் எப்படி அந்தப் பாட்டைப் பற்றி எழுதுவது?

மேற்கோளை விட்டுவிடச் சொல்ல வழியில்லையா என்று கேட்டேன். வழி இருக்கிறதாம். கல்லூரி வாங்கியிருக்கும் சந்தாவில் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். டிக்சன் அண்ணன் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவரைப் போல இயல்பாகச் சொன்னார்.

"வரிக்கு ஒரு சொல்லை மாத்திரும்மா. நாலு சொல்லு தொடர்ந்து ஒண்ணு போல இருந்தாத்தான் அதுக்குத் தெரியும். எல்லாரும் அப்படித்தான செய்யுதாங்க."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அலமாரியைக் காட்டினார். மென்பொருள் வந்து ஏழு வருடம் ஆகிறது. ஏழு வருடமாகத் தமிழ்த்துறையில் நெய்தலைப் பற்றி வந்த ஆய்வேடுகள் ஏழும் நீல அட்டை போட்டு நின்றன.

முதலில் எடுத்தது பேச்சிராஜா அண்ணனுடையது. என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். அவர்கள் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் ஒரே வாய்க்கால். அவர் இந்தக் கல்லூரியில் எம்.ஏ. படித்ததைப் பார்த்துத்தான் நானும் படிக்க வந்தேன். கொற்கை வரும் பாட்டு ஒன்றை அவர் முப்பத்தாறாம் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார். எனக்கு மனப்பாடமான பாட்டு. வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாம் வரியில் நாக்கு தட்டியது. மறுபடி பார்த்தேன். கொற்கை இருக்க வேண்டிய இடத்தில் 'பழைய துறைமுகம்' என்று இருந்தது.

எங்கள் பக்கத்து ஊர் அது. ஒரு பெயர்ப்பலகை, ஒரு குளம், சுற்றி வாழையும் நெல்லும். கடல் ஐந்தாறு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. அந்தக் காலத்தில் முத்து வாங்கக் கப்பல் வந்த துறை என்பதற்கு, பாட்டில் அந்தப் பெயர் நிற்பதைத் தவிர ஊருக்குள் பெரிதாக எதுவும் இல்லை. பேச்சிராஜா அண்ணன் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் பஸ் பிடித்திருப்பார்.

மற்ற ஆறையும் எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். புன்னை, பூமரமாகியிருந்தது. தோழி ஓரிடத்தில் சினேகிதி. ஒருவர் கடல் வரும் இடமெல்லாம் சமுத்திரம் என்று போட்டிருந்தார். அதில் ஒரு பாட்டின் தலைவி சமுத்திரத்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. நூலகம் மூடும்வரை இருந்து குறித்ததில், என் ஆய்வேட்டிலும் இருக்கும் பாட்டுகளில் மட்டும் அறுபத்து மூன்று வரிகள்.

மாலை பஸ்ஸில் ஆத்தூர்க்காரர்களின் வெற்றிலைக் கூடைகள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. கைப்பேசியை எடுத்து, கேட்டால் எதற்கும் பதில் சொல்லும் அந்த அறிவாளிச் செயலியிடம் அந்தப் பாட்டின் முதல் வரியைக் கொடுத்து மீதியைக் கேட்டேன். உடனே தந்தது. மூன்றாம் வரியில் பழைய துறைமுகம். அதற்கு ஓர் உரையும் சொல்லியது. புலவர் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் விட்டது காலத்தின் அழிவை உணர்த்துகிறதாம். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் எங்கள் கல்லூரி இணையதளத்தைக் காட்டியது.

பழையகாயல் தாண்டும்வரை உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு இயந்திரத்தின் மேல் கோபம் இல்லை. கொற்கை என்ற சொல் எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று எனக்கு ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்ததும் அதுதான். எனக்கு முன் படித்தவர்கள் அதற்கு ஒரு கோடை விடுமுறையைச் செலவழித்திருப்பார்கள். நாம் கொடுத்ததை அது தின்றிருக்கிறது, அவ்வளவுதான். எதைக் கொடுத்தோம் என்பதுதான் என்னை உறுத்தியது. பாட்டைப் படிக்க வந்தவர்கள் பாட்டைத் திருத்திக் கொடுத்திருக்கிறோம், படித்ததற்குச் சான்று வாங்க.

வீட்டில் என் கூடப்பிறந்த முத்துச்செல்வம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டின் கேட்டில் அவனுக்கு வேலை. உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணைக் கேமரா வாசிப்பதைச் சரிபார்க்க வேண்டும். நான் பேசாமல் சோற்றைப் பிசைவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குப் பாட்டில் நாட்டமில்லை. ஆனாலும் பெயரை மாற்றினார்கள் என்றதும் கையை நிறுத்திவிட்டான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு எழுத்து, ஆறு எண். கடைசியில் கட்டத்துக்குள் தனியாக இன்னொரு எண் இருக்கும் என்றான். முன்னால் உள்ளவற்றையெல்லாம் பெருக்கிக் கூட்டி வருவது அது. ஓர் எழுத்தை மாற்றி எழுதினாலும் கடைசி எண் ஒத்துவராது.

"ஒத்துவரலன்னா?"

"கேட்டு திறக்காது. எவன் வந்து நின்னாலும் திறக்காது."

பாட்டுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. என் நாக்கு தட்டியதே, அது அந்தக் கடைசி எண்தான். சீரும் ஓசையும் அதற்காகவே வைத்ததைப் போல, ஒரு சொல்லை மாற்றினால் வரி நொண்டும். ஏழு வருடமாக வரிகள் நொண்டியிருக்கின்றன. யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

புதன்கிழமை என் நெறியாளர் கிருபாபாய் மேடத்தைப் பார்த்தேன். சாத்தான்குளத்துக்காரர். இருபத்தைந்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறார். சொல்லை மாற்ற மாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மாற்ற வேண்டாம் என்றார். டிடிபி கடையில் கொடுத்து, யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த பழைய ஃபான்ட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தால் போதும். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும், ஒப்பிட எதுவும் கிடைக்காது. ஜாஸ்லின் அப்படித்தான் கொடுத்திருக்கிறாள் என்றார்.

வெளியே ஜாஸ்லின் தன் சான்றைக் காட்டினாள். சைபர் விழுக்காடு. அவள் நாசரேத்திலிருந்து வருகிறவள். இரண்டு வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் பேசாத நேரங்களுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"ஏளா, பாட்டு அப்படியே இருக்கு. மிஷினுக்குத்தான் கண்ணைக் கட்டியாச்சு. இதுல உனக்கு என்ன பாவம் ஒட்டப்போவுது?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இசக்கித்தாய் அக்காவின் கடைக்குப் போனேன். அக்கா என் கோப்பை எடுத்து இரண்டு பொத்தானை அழுத்தினார். எல்லாம் பார்க்க முன்பு போலவே இருந்தது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, தேடும் கட்டத்தில் கொற்கை என்று அடித்தேன். இல்லை என்றது. புன்னை என்று அடித்தேன். இல்லை. என் பெயரையே, சந்தனச்செல்வி என்று அடித்தேன். அதுவும் இல்லை.

"அப்படித்தான் இருக்கும்மா" என்றார் அக்கா. "பிரிண்ட் எடுத்தா வந்திரும்."

பிரிண்டில் வரும். ஆனால் கல்லூரி இணையதளத்தில் ஏற்றுவது இந்தக் கோப்பை. அடுத்த வருடம் எங்கோ ஒருத்தி இந்தப் பாட்டைத் தேடுவாள். அவளுக்குப் பேச்சிராஜா அண்ணனுடைய பாட்டு கிடைக்கும். என்னுடையது கிடைக்காது. தவறானது வெளிச்சத்தில் இருக்கும், சரியானதை நானே கொண்டுபோய் இருட்டில் வைத்திருப்பேன். அக்காவிடம் பழையபடியே மாற்றித் தரச் சொன்னேன். கூடவே புதிதாக நாலு பக்கம் அடித்தேன்.

அது பின்னிணைப்பு. இடது பக்கம் ஏழு ஆய்வேடுகளில் உள்ள வரி, எழுதியவர் பெயரோடு. வலது பக்கம் பாட்டில் உள்ள வரி. அறுபத்து மூன்றும். அதற்குப் பின்னால் மென்பொருள் தந்த சிவப்புப் பக்கங்களையும் சேர்த்து மூன்று பிரதி ஸ்பைரல் பைண்டு செய்தேன்.

வியாழக்கிழமை மேடம் அதைப் புரட்டிக்கொண்டே வந்தார். பின்னிணைப்பு வந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஏழில் மூன்று அவருடைய நெறியாள்கையில் வந்தவை. பேச்சிராஜா அண்ணனுடையதும் அதில் ஒன்று.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு மென்பொருளோடு ஏன் இத்தனை மல்லுக்கு நிற்கிறாய் என்று கேட்டார்.

"அந்த நாப்பத்தொண்ணு என்னோடது இல்லன்னு மிஷின் சொல்லுது மேடம். நானும் அதைத்தான் சொல்லுதேன். எங்களுக்குள்ள சண்டையே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: பின்னிணைப்பை மட்டும் கழற்றிவிடு. நாற்பத்தொன்றுக்கு நான் முதல்வரிடம் பேசுகிறேன், பாட்டுகளை நீக்கிப் பார்த்தால் இந்தப் பெண்ணுடையது சைபர் என்று எழுதிக் கொடுக்கிறேன். உன் பாட்டும் அப்படியே இருக்கும், உன் கோப்பும் அப்படியே இருக்கும். உனக்கு வேறு என்ன வேண்டும்?

எனக்கு வேண்டியது எல்லாமே அதில் இருந்தது. அதனால்தான் வாய் வரவில்லை. நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். வீட்டில் அப்படி, வகுப்பில் அப்படி. மேடமும் மெல்லப் பிரதிகளை என் பக்கம் தள்ளினார். நான் அவற்றை எடுக்கவில்லை.

"பேச்சிராஜாவுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ" என்றார். "கெஸ்ட் லெக்சரரா அஞ்சு வருஷம் இருந்துட்டான். இப்பத்தான் ஒரு நிரந்தர இடம் வருது. தெரியுமா?"

தெரியாது. பிரதிகளை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பேச்சிராஜா அண்ணனே கூப்பிட்டார். மேடம் சொல்லியிருக்க வேண்டும். திட்டுவார் என்று எதிர்பார்த்து வாய்க்கால் பாலத்துக்குப் போய் நின்று எடுத்தேன். அவர் திட்டவில்லை. அந்த வருடம் அவருடைய சான்றில் ஐம்பத்திரண்டு வந்ததாம். கெடுவுக்கு இரண்டு நாள். வேறு வழி தெரியவில்லை. கொற்கையை எடுக்கும்போது கை கூசியது, சத்தியமாகக் கூசியது என்றார். அப்புறம் வேலை தேடி அலைந்ததில் மறந்தே போய்விட்டதாம்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் அவர்கள் வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஏளா, இருக்கியா?"

"இருக்கேன். பேரை எடுத்திருதேன் அண்ணே. வரியை எடுக்க மாட்டேன்."

"வரி இருந்தா ஆளைக் கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆவும்?"

"கண்டுபிடிக்கிறவங்க அந்தப் பாட்டைப் படிக்கட்டும். படிச்சுட்டு உங்ககிட்ட வரட்டும்."

அவர் போனை வைத்துவிட்டார். நல்லதைச் செய்தேன் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. ஆனாலும் மாற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

வெள்ளி காலை திருச்செந்தூரிலிருந்து வரும் பஸ் எங்கள் நிறுத்தமான முக்காணிக்கு வரும்போதே வெற்றிலைக் கட்டுகளோடு நிறைந்திருந்தது. நின்றுகொண்டே போனேன். இசக்கித்தாய் அக்கா பெயர்கள் இல்லாத நாலு பக்கங்களை மூன்று படி எடுத்துக் கொடுத்தார். மேடம் வகுப்பில் இருந்தார். அவர் மேசையில் கிடந்த பழைய பிரதிகளின் மேல் புதிய பக்கங்களை வைத்து, இவற்றை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, அவர் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி பத்து.

மேடம் வந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போனார். பதினொன்றரைக்கு வெளியே வந்து வகுப்புக்குப் போனார், திரும்பினார். நான் எழுந்து நிற்பேன், அவர் போனதும் உட்காருவேன். ஜாஸ்லின் எலுமிச்சம் சாதம் கொண்டுவந்து தந்துவிட்டு, உண்ணாவிரதம் என்று பேப்பரில் போட்டுவிடப் போகிறார்கள், சீக்கிரம் தின்னு என்றாள். தின்றேன். இரண்டு மணிக்குக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே புத்தகங்களை எடுத்து வைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மூன்றே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டார். மேசை நிறையப் பழைய பதிப்புகள் திறந்து கிடந்தன. பழைய பக்கங்களைக் கழற்றிவிட்டுச் சேர்த்திருந்த என் புதிய பின்னிணைப்பில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலில் சின்ன டிக் இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தார்.

"அறுபத்தி ரெண்டு. இந்த வரியை எழுதுன பொண்ணு அதுல எதையும் மாத்தல. இன்னொரு பதிப்புல பாடம் இப்படித்தான் இருக்கு. நீ ஒரே பதிப்பைப் பாத்துட்டு அதையும் சேத்துட்ட."

அந்த ஏட்டை எழுதியவரின் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும், ஆளைப் பார்த்ததுகூட இல்லை. பெயரை எடுத்திருந்தேன், வரி நின்றிருக்குமே. ஏழு பேர் வாய்விட்டுப் படிக்கவில்லை என்று குறை சொன்னவள் இரண்டாவது புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கவில்லை. அந்த இடத்திலேயே மூன்று பிரதியிலும் அந்த வரியை என் கையால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். தலைப்பில் இருந்த அறுபத்து மூன்றையும் திருத்தினேன்.

மேடம் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தில் விழுக்காடு எழுத வேண்டிய கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"அதை நீயே எழுது. கேட்டா நான் எழுதலன்னு சொல்லுவேன்."

"சரி மேடம்."

"அந்த மூணு என் கையில வந்தது. அதைப் பத்தி நான் தனியா எழுதிக்கிடுதேன். நீ போ, மணி ஆச்சு."

தேர்வு அலுவலகத்தில் எழுத்தர் ஞானையா அண்ணாச்சி ஆய்வேடுகள் வைக்கும் பெட்டியைப் பூட்டத் தயாராக இருந்தார். நாலரை ஆகியிருந்தது. விண்ணப்பத்தை வாங்கி விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எம்மா, நாலுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு புள்ளி விட்டுப்போச்சோ? நாலு புள்ளி ஒண்ணுன்னா பிரச்சினையே இல்ல. பேனா எங்கிட்ட இருக்கு."

அவர் நல்ல மனுஷர். தன் மகளுக்குச் செய்வதைப் போலத்தான் அதைச் சொன்னார். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நான் அந்தப் பேனாவை வாங்கி, எண்ணுக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்று என்று எழுத்தாலும் எழுதினேன்.

அவர் பெருமூச்சு விட்டார். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஆட்சேபணையோடுதான் வாங்க முடியும் என்றார். ஜூனில் குழு கூடும். அங்கே வைப்பார்கள். அநேகமாகத் திரும்பி வரும். வந்தால் வருடம் போனதுதான்.

"திரும்பி வரட்டும் அண்ணாச்சி. மறுபடியும் இதையேதான் கொடுப்பேன்."

பெரிய பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். தேதி, நேரம் போட்டார். கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, ஆட்சேபணைக்குக் காரணம் என்று ஒன்று எழுத வேண்டுமே, என்ன எழுதட்டும் என்று கேட்டார். மென்பொருள் பெயரைப் போட்டு அதிக விழுக்காடு என்று எழுதலாம், விழுக்காடு கூடியவர்களுக்கு அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார்.

"பாட்டை மாத்தலன்னு எழுதுங்க."

"அப்படி எழுதுனா மேல என்ன நினைப்பாங்க?"

நான் பதிவேட்டின் அந்தக் கட்டத்தை விரலால் காட்டினேன். பின்னால் நின்றவர்களில் யாரோ செருமினார்கள். பிறகு அவர் குனிந்து, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கும் இறக்கி, நான் சொன்னதையே எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும்வரை நின்றேன். பதிவேட்டை என் பக்கம் திருப்பச் சொல்லி, எழுதியதைச் சொல் சொல்லாக வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.